திக்கற்ற பிள்ளையும் புத்திரசுவிகாரமும்

பைபிளின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ‘புத்திரசுவிகாரம்’ என்று ஒரு சொல் வருகிறது. புனித பவுல் ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய நிருபங்களில் அதைக் காணலாம். மூலமான கிரேக்கத்தில் அது ‘ஹுயோதேசியா’. மகன் என்ற நிலையில் ஒருவரை வைத்தல் என்பது அதன் நேர்ப்பொருள். புதிய ஏற்பாடு முழுவதிலும் ஐந்தே இடங்களில், அதுவும் பவுலின் பெயரால் வழங்கும் நிருபங்களில் மட்டுமே இச்சொல் காணப்படுகிறது. இவ்வளவு அரிதாக வரும் ஒரு சொல்லின்மீது பிற்காலத்தில் பெரியதொரு சிந்தனை எழுந்தது. அச்சிந்தனை ஆதரவற்ற குழந்தைகளின் வாழ்வில் நன்மைகளை விளைவித்தது. சில இடங்களில் துன்பத்தையும் விளைவித்தது.

மொழிபெயர்த்தவர்கள் இங்கே தர்மசாஸ்திரச் சொல்லைத் தேர்ந்தது மிகப் பொருத்தமானது. குலம் தொடரவும், பித்ரு கர்மங்கள் நடைபெறவும், சொத்து உரியவரிடம் சேரவும் ஒரு மகனை முறைப்படி ஏற்பதே நம் நாட்டு மரபில் சுவீகாரம். பவுல் வாழ்ந்த காலத்து ரோமானியச் சட்டமும் தத்தை ஏறக்குறைய இவ்வாறே கருதியது. அங்கே தத்துப் புத்திரர்கள் பெரும்பாலும் வளர்ந்த ஆண்கள். பேரரசர் அகஸ்டஸ் கி.பி. 4-ஆம் ஆண்டில் திபேரியுஸைத் தத்தெடுத்தபோது திபேரியுஸ் நாற்பது வயதைக் கடந்தவர். ஆகவே, வீதியில் கிடக்கும் குழந்தையை இரக்கத்தோடு வாரி எடுக்கும் காட்சி பவுலின் மனத்தில் முதன்மையாக இருந்திருக்க முடியாது. ஒருவன் பழைய அதிகாரத்திலிருந்து விடுபட்டு, புதிய தந்தையின் பெயரையும் முழு வாரிசுரிமையையும் பெறுகிறான் என்னும் சட்டச் செயலையே அவர் உவமையாக்கினார்.

அவர் அடிமையையும் மகனையும் எதிரெதிரே நிறுத்துகிறார். அடிமை அச்சத்தால் பணி செய்கிறான். எந்த நேரத்திலும் வெளியேற்றப்படலாம். மகனுக்கு அந்த அச்சம் இல்லை, வீடே அவனுடையது. இறைவனின் இல்லத்தில் மனிதன் சகித்துக்கொள்ளப்படும் விருந்தாளி அல்லன், வாரிசு என்பதே பவுலின் கருத்து. அந்த வாரிசு இறைவனை அரமேய மொழியில் ‘அப்பா’ என்று அழைக்கிறான் என்றும் அவர் கூறுகிறார். தமிழ்ச் செவிக்கு அச்சொல்லை மொழிபெயர்க்க வேண்டிய தேவையே இல்லை!

இந்தத் தத்துவத்திலிருந்து ஓர் ஒழுக்கநெறி எளிதாகப் பிறக்கிறது. எந்தத் தகுதியும் பாராமல் இறைவன் மனிதனை மகனாக ஏற்றான் என்றால், அவ்வாறு ஏற்கப்பட்டவன் ஆதரவற்ற ஒரு குழந்தையை ஏற்பது இறைவனின் செயலைப் பின்பற்றுவதாகும். தத்தெடுத்தல் பற்றிய கிறிஸ்தவப் போதனைகள் பலவற்றின் அடித்தளம் இதுவே. எனினும் எந்த உவமையும் எல்லாக் கூறுகளிலும் பொருந்துவதில்லை என்பது தர்க்கத்தின் முதற்பாடம். இறைவன் குறையற்றவன், தத்தெடுக்கும் பெற்றோருக்கோ குறைகளும் ஏக்கங்களும் உண்டு. உவமையில் மகன் விட்டுவருவது பாவத்தின் அடிமைத்தனத்தை. உண்மை வாழ்வில் குழந்தை விட்டுவருவது பல நேரங்களில் ஒரு தாயை. உவமை நொண்டும் இந்த இடத்தைக் கவனித்தவர்கள் நல்ல பணி செய்தார்கள். கவனியாதவர்கள் நல்லெண்ணத்தோடேயே தவறினார்கள்.

வீதியில் விடப்பட்டவர்கள்

ரோமானிய உலகில் வேண்டாத குழந்தையை வெளியே விட்டுவிடுவது குற்றமாகக் கருதப்படவில்லை. எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் என்னும் ஊரில் கண்டெடுக்கப்பட்ட கி.மு. 1-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று புகழ்பெற்றது. வேலைக்காக வெளியூர் சென்றிருந்த கணவன், கருவுற்றிருந்த மனைவிக்கு அதை எழுதினான். ஆண் பிறந்தால் வைத்துக்கொள்ளும்படியும், பெண் பிறந்தால் எறிந்துவிடும்படியும் அதில் கூறுகிறான். கொடியவன் எழுதியதாகவும் அக்கடிதம் தோன்றவில்லை, மனைவியின்மீது அன்புள்ளவன்தான். வழக்கம் மனச்சாட்சியை எவ்வளவு ஆழமாக உறங்க வைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆதிக் கிறிஸ்தவர்கள் யூதர்களைப் போலவே இவ்வழக்கத்தை ஏற்க மறுத்தார்கள். ‘திதாக்கே’ என்னும் மிகப் பழைய கிறிஸ்தவ ஒழுக்க நூல் சிசுக்கொலையைத் தடை செய்கிறது. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் வாழ்ந்த தத்துவ அறிஞர் ஜஸ்டின், வெளியே விடப்பட்ட குழந்தைகளை எடுத்து வளர்ப்பவர்கள் பலர் அவர்களை விலைமகளிர் தொழிலுக்கே வளர்க்கிறார்கள் என்று சுட்டிக்காட்டினார். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘அப்போஸ்தலிக்கக் கட்டளைகள்’ என்னும் தொகுப்பு இன்னும் ஒரு படி செல்கிறது. சபையைச் சேர்ந்த ஒரு குழந்தை பெற்றோரை இழந்தால், பிள்ளையில்லாதவர் அக்குழந்தையைத் தம் பிள்ளையாக ஏற்க வேண்டும் என்று அது கூறுகிறது.

பின்னர் நிறுவனங்கள் தோன்றின. இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் சிற்பி புரூனெல்லெஸ்கி வடிவமைத்த ‘இன்னொசெந்தி’ இல்லம் 1445-இல் குழந்தைகளை ஏற்கத் தொடங்கியது. அங்கு விடப்பட்ட குழந்தைகளின் துணிகளுக்கிடையே பாதியாக உடைக்கப்பட்ட நாணயங்களும் பதக்கங்களும் காணப்பட்டன. மறுபாதியைத் தாய் வைத்துக்கொண்டாள். என்றாவது ஒருநாள் திரும்பி வந்தால் தன் பிள்ளையை அடையாளம் காட்டலாம் என்னும் நம்பிக்கை அது. பெரும்பாலான தாய்மார்களால் திரும்பி வர முடியவில்லை. அந்தப் பாதி நாணயங்கள் இன்றும் அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

விதவையை விட்டுவிட்ட வாசிப்பு

யாக்கோபு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரத்தில், மாசற்ற பக்தி எது என்ற வினாவுக்கு ஒரு விடை வருகிறது. திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் அவர்களுடைய துன்பத்தில் சென்று கவனிப்பதே பக்தி என்பது அதன் கருத்து. தத்தெடுப்பை வலியுறுத்தும் கிறிஸ்தவப் பேச்சுகளில் இந்த வசனத்தைப் போல் மிகுதியாக எடுத்தாளப்படுவது வேறொன்று இல்லை எனலாம். ஆனால் அங்கே இருவர் சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

எபிரேய மொழியில் ‘யாதோம்’ என்னும் சொல்லுக்குத் தந்தையை இழந்த பிள்ளை என்பதே அடிப்படைப் பொருள். தாயையும் சேர்த்து இழந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் அச்சொல்லில் இல்லை. அதனால்தான் பழைய ஏற்பாட்டில் திக்கற்ற பிள்ளையும் விதவையும் இணைபிரியாமல் வருகிறார்கள்; அவர்கள் பெரும்பாலும் ஒரே வீட்டைச் சேர்ந்தவர்கள். உபாகமம் என்னும் நூல் இவர்களுக்காக விதிக்கும் ஏற்பாட்டைப் பார்க்க வேண்டும். அறுவடையில் மறந்து விட்ட கதிர்க்கட்டையும், ஒலிவ மரத்திலும் திராட்சைத் தோட்டத்திலும் எஞ்சியவற்றையும் உரிமையாளன் திரும்பிச் சென்று எடுக்கக்கூடாது. அவை அந்நியனுக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் உரியவை. அதாவது, விதவையிடமிருந்து பிள்ளையை எடுத்து வளமான வீட்டில் சேர்க்கும்படி அந்தச் சட்டம் கூறவில்லை. தாயும் பிள்ளையும் சேர்ந்து வாழ்வதற்கான தானியத்தையே அது வழங்குகிறது.

மோசேயின் வரலாறும் இதையே வேறொரு வகையில் காட்டுகிறது. நாணல் பேழையில் வைத்து நைல் நதியோரம் விடப்பட்ட அக்குழந்தையைப் பார்வோனின் மகள் எடுத்தாள். தொலைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சகோதரி ஓடிவந்து, பாலூட்ட ஒரு பெண்ணை அழைத்து வருவதாகக் கூறித் தன் தாயையே அழைத்து வந்தாள். பெற்ற தாயே கூலி பெற்றுக்கொண்டு தன் பிள்ளைக்குப் பாலூட்டி வளர்த்தாள். பிள்ளை வளர்ந்த பின்னரே அரசகுமாரியிடம் ஒப்படைத்தாள். மோசே இரண்டு தாய்மார்களையும் அறிந்தவர். தாம் எந்த மக்களிடமிருந்து வந்தவர் என்பதும் அவருக்குத் தெரியும். பேழையில் மிதந்து வந்த இன்னொரு குழந்தையான கர்ணனை இங்கே வாசகர்கள் நினைக்காமல் இருக்க முடியாது. கர்ணனின் துயரத்தில் பாதி, உண்மை அவனுக்குக் காலம் கடந்து சொல்லப்பட்டதில் இருக்கிறது.

முல்லரின் மூன்று நோக்கங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆதரவற்ற குழந்தைகளுக்கான கிறிஸ்தவப் பணி என்றால் முதலில் சொல்லப்படும் பெயர் ஜார்ஜ் முல்லர். 1805-இல் பிரஷ்யாவில் பிறந்த இவர் இளமையில் தீய வழிகளில் திரிந்தவர். மனம் திரும்பிய பின் இங்கிலாந்து சென்றார். 1836-இல் பிரிஸ்டல் நகரின் வில்சன் வீதியில் ஒரு வாடகை வீட்டில் சில பெண் குழந்தைகளோடு பணியைத் தொடங்கினார். 1849-இல் ஆஷ்லி டவுன் என்னும் மேட்டில் முந்நூறு குழந்தைகளுக்கான முதல் பெரிய இல்லம் எழுந்தது. 1870-க்குள் ஐந்து இல்லங்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் என அது வளர்ந்தது. 1898-இல் அவர் மறையும்வரை அவ்வில்லங்களில் பராமரிக்கப்பட்டவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். இவ்வளவுக்கும் அவர் எந்த மனிதரிடமும் நன்கொடை கேட்டதில்லை. தேவைகளைப் பிரார்த்தனையில் மட்டுமே வைத்தார். காலை உணவுக்கு ஏதும் இல்லாத நாட்களும் இருந்தன.

முல்லரின் நம்பிக்கையை வியப்பது எளிது. அவர் தம் பணிக்கு எழுதிவைத்த மூன்று நோக்கங்களின் வரிசையைக் கவனிப்பது அதைவிடப் பயனுள்ளது. இறைவன் பிரார்த்தனைக்குச் செவிசாய்க்கிறான் என்பது உலகுக்குத் தெரிந்து அவனுக்கு மகிமை உண்டாக வேண்டும் என்பது முதல் நோக்கம். குழந்தைகளின் ஆன்ம நலன் இரண்டாவது. அவர்களுடைய உலகியல் நலன் மூன்றாவது. இங்கே ஒரு தத்துவச் சிக்கல் எழுகிறது. மனிதனை ஒருபோதும் வெறும் கருவியாக நடத்தக்கூடாது, அவனே இலக்காக நடத்தப்பட வேண்டும் என்பது ஜெர்மானிய ஞானி கான்ட் வகுத்த நெறி. இறைவனின் மகிமையை நிரூபிக்கும் சான்றாக ஒரு குழந்தை ஆவது சரியா?

முல்லரைப் பொறுத்தவரை இச்சிக்கல் நடைமுறையில் தீங்காக மாறவில்லை. அவருடைய இல்லத்துக் குழந்தைகள் அக்காலத்து ஏழைக் குழந்தைகளைவிட நன்றாக உண்டார்கள்; நன்றாகப் படித்தார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு இவ்வளவு படிப்பு எதற்கு என்று குறை சொன்னவர்களும் உண்டு. வெளியேறும்போது தொழில் பயிற்சிக்கோ வேலைக்கோ ஏற்பாடு செய்யப்பட்டது. மேலும், பெற்றோர் இருவரையும் மரணத்தில் இழந்த குழந்தைகளை மட்டுமே அவர் ஏற்றார். அந்த விதி கடுமையானதாகத் தோன்றலாம். ஆயினும் உயிரோடிருக்கும் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கும் ஆபத்து அதனால் தவிர்ந்தது.

இன்னொரு வழியைத் தேர்ந்தவர் அமெரிக்கப் போதகர் சார்லஸ் லோரிங் பிரேஸ். பெரிய இல்லங்களில் குழந்தையின் தனித்தன்மை அழிகிறது, குடும்பமே குழந்தைக்கு உரிய இடம் என்று அவர் வாதிட்டார். 1853-இல் நியூயார்க்கில் சிறுவர் உதவிச் சங்கத்தை நிறுவினார். 1854 முதல் 1929 வரை ஏறத்தாழ இரண்டு லட்சம் குழந்தைகள் ரயிலேற்றப்பட்டு நாட்டின் உட்பகுதிகளிலுள்ள பண்ணைக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவருடைய கொள்கை சரியானது. பிற்கால ஆய்வுகள் அதை உறுதி செய்திருக்கின்றன. ஆனால் நடைமுறையில், ஊர் ஊராகக் குழந்தைகள் மேடையில் வரிசையாக நிறுத்தப்பட்டார்கள். வந்தவர்கள் கை கால்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அண்ணனை ஓர் ஊரும் தங்கையை இன்னோர் ஊரும் எடுத்துக்கொண்டன. சிலருக்கு அன்பான பெற்றோர் கிடைத்தார்கள். சிலர் கூலியில்லாத வேலையாட்கள் ஆனார்கள். அவர்களுள் பலருக்குப் பெற்றோரில் ஒருவராவது நியூயார்க்கில் உயிரோடு இருந்தார்.

கொரியாவிலிருந்து வந்த எட்டுக் குழந்தைகள்

அமெரிக்காவின் ஒரெகன் மாநிலத்தில் ஹாரி ஹோல்ட், பெர்த்தா ஹோல்ட் என்னும் தம்பதியர் இருந்தார்கள். கொரியப் போரில் ஆதரவிழந்த குழந்தைகளைப் பற்றிய ஒரு படக்காட்சியை 1954-இல் பார்த்தது அவர்கள் வாழ்க்கையை மாற்றியது. ஆறு பிள்ளைகளைப் பெற்றிருந்த அவர்கள் மேலும் எட்டுக் குழந்தைகளைத் தத்தெடுக்கத் தீர்மானித்தார்கள். அன்றைய சட்டம் அதற்கு இடம் தரவில்லை. 1955-இல் அமெரிக்க நாடாளுமன்றம் அவர்களுக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. எட்டுக் குழந்தைகளும் அந்த ஆண்டே வந்து சேர்ந்தார்கள். அதைக் கண்டு பிற குடும்பங்களும் முன்வர, ஹோல்ட் தம்பதியர் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பெற்றோராக விரும்புவோரிடம் அவர்கள் முதன்மையாக எதிர்பார்த்த தகுதி கிறிஸ்தவ விசுவாசம். தொழில்முறைச் சமூகப் பணியாளர்கள் அப்போதே இதை எதிர்த்தார்கள். விசுவாசம் உள்ளவர் எல்லோரும் நல்ல பெற்றோர் ஆகிவிடுவதில்லை என்றார்கள்.

ஹாரி ஹோல்ட் 1964-இல் கொரிய மண்ணிலேயே இறந்தார். அவருடைய உள்ளத்தூய்மையை ஐயுற வேண்டியதில்லை. ஆனால் அவர் திறந்த வழி பின்னர் பெருஞ்சாலையாயிற்று. பல நிறுவனங்கள் வழியாகத் தென்கொரியாவிலிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். போர் முடிந்து பல்லாண்டுகள் கழிந்தும், நாடு செல்வம் பெற்ற பின்னும் அது நிற்கவில்லை. வளர்ந்த பிள்ளைகள் தம் வேர்களைத் தேடித் திரும்பியபோது, ஆவணத்தில் ‘அனாதை’ என்று எழுதப்பட்டிருந்த பலருக்குத் தாயும் தந்தையும் இருந்தது தெரியவந்தது. தென்கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2025 மார்ச்சில் தன் முடிவுகளை வெளியிட்டது. முறையிட்ட 367 பேரில் முதற்கட்டமாக 56 பேர் மனித உரிமை மீறலுக்கு ஆளானவர்கள் என்று ஏற்றது. ஆவணங்கள் பொய்யாக்கப்பட்டதற்கும் மேற்பார்வை தவறியதற்கும் அரசே பொறுப்பு என்றது.

இக்கட்டத்தில் பவுலின் உவமை மீண்டும் நினைவுக்கு வருகிறது. புதிய தந்தையின் வீட்டுக்குள் வருபவனுக்குப் பழைய உறவு அற்றுப்போகிறது என்பது ரோமானியச் சட்டம். ஆன்மாவுக்கு அது விடுதலை. குழந்தைக்கோ அது தன் பெயரையும் தாயையும் இழப்பது. உவமையையே சட்டமாக எடுத்துக்கொண்டவர்களுக்கு, குழந்தையின் பழைய வாழ்வு துடைத்தெறிய வேண்டிய ஒன்றாகவே தோன்றியது.

ஹைத்தி நாட்டில் 2010 ஜனவரியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது அமெரிக்கப் பாப்டிஸ்டுகள் பத்துப் பேர் 33 குழந்தைகளை எல்லை தாண்டி அழைத்துச் செல்ல முயன்று கைதானார்கள். குழந்தைகளுக்குப் பெற்றோர் இருந்தது பின்னர் தெரிந்தது. எத்தியோப்பியா 2018-இல் வெளிநாட்டுத் தத்தை முற்றிலும் தடை செய்தது. அமெரிக்காவின் பெரிய கிறிஸ்தவத் தத்து நிறுவனங்களுள் ஒன்றான பெத்தனி, வெளிநாட்டுத் தத்துப் பணியை முடித்துக்கொண்டு அந்தந்த நாட்டுக் குடும்பங்களை வலுப்படுத்தப்போவதாக 2020-இல் அறிவித்தது. யாக்கோபின் வசனத்தில் விடுபட்டிருந்த விதவையை அவர்கள் திரும்பவும் வாசிக்கத் தொடங்கினார்கள் எனலாம்.

அன்பு போதுமா?

உண்மையாகவே ஆதரவிழந்து ஒரு குடும்பத்துக்குள் வரும் குழந்தையை எப்படி வளர்ப்பது என்பது வேறு வினா. ருமேனியாவில் 1989-இல் சௌசெஸ்குவின் ஆட்சி வீழ்ந்தபோது, அரசு விடுதிகளில் லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் யாராலும் தூக்கப்படாமல் கிடந்தது உலகுக்குத் தெரிந்தது. 2000-இல் தொடங்கிய புக்கரெஸ்ட் ஆய்வு, விடுதியிலிருந்த 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டது. அவர்களுள் பாதிப் பேர் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டார்கள். குடும்பத்தில் வளர்ந்தவர்கள் அறிவு வளர்ச்சியிலும் பிறரோடு பிணைப்புக் கொள்வதிலும் முன்னேறினார்கள். ஏறத்தாழ இரண்டு வயதுக்குள் குடும்பத்தை அடைந்தவர்களுக்கு முன்னேற்றம் மிகுதி. விடுதி எவ்வளவு தூய்மையாக இருந்தாலும், ‘இவர் என்னவர்’ என்று சொல்ல ஒரு முகம் இல்லாத குழந்தையின் மூளையே வேறுவிதமாக வளர்கிறது.

அமெரிக்காவின் டெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கேரின் பர்விஸ், டேவிட் கிராஸ் என்னும் உளவியல் அறிஞர்கள் இத்தகைய குழந்தைகளின் பெற்றோருக்கென்றே ஒரு முறையை வகுத்தார்கள். தத்தெடுத்த பெற்றோர் பலர் எதிர்பாராத அனுபவங்களோடு அவர்களிடம் வந்தார்கள். வயிறு நிறைய உண்ட குழந்தை தலையணைக்கடியில் ரொட்டியை ஒளித்து வைக்கிறது. அணைக்கப் போனால் உதைக்கிறது. சிறிய பொய்யையும் விடாது சொல்கிறது. ‘இவ்வளவு அன்பு காட்டியும் நன்றி இல்லையே’ என்று பெற்றோர் மனமுடைகிறார்கள்.

இவற்றின் வேர் அச்சம் என்பது பர்விஸின் விளக்கம். பசித்து அழுதபோது எவரும் வராத குழந்தையின் உடல், உலகம் நம்பத்தக்கதன்று என்று கற்றுக்கொண்டுவிட்டது. உணவைத் திருடுகிறான் என்று தண்டிப்பதைவிட, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி ஒரு கிண்ணத்தில் தின்பண்டத்தை அவன் கையெட்டும் இடத்தில் வைப்பது நல்லது. தவறிழைத்தவனைத் தனியறைக்கு அனுப்பாமல் அருகில் இருத்திக்கொள்ள வேண்டும். மரியாதையின்றிப் பேசினால் அடிக்காமல், அதையே சரியாக மீண்டும் ஒருமுறை சொல்லிப் பார்க்கச் செய்ய வேண்டும். பவுல் கூறிய அடிமையின் அச்சத்திலிருந்து மகனின் உரிமைக்கு வருதல் என்பது இங்கே மிகச் சிறிய, மிக நீண்ட பயிற்சியாகி விடுகிறது. ஆவணத்தில் ஒரே நாளில் மகனாகிறான். உடலால் மகனாவதற்குப் பல ஆண்டுகள் ஆகின்றன.

இதற்கு நேர்மாறான போக்கும் சில கிறிஸ்தவ வட்டாரங்களில் இருந்தது. பிரம்பைக் கையாளாதவன் பிள்ளையை நேசிப்பதில்லை என்ற கருத்தில் வரும் நீதிமொழியைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டு, தத்துப்பிள்ளையின் அச்சத்தை முரட்டுத்தனம் என்று கருதி அடித்து ஒடுக்க முயன்றவர்கள் உண்டு. 2011-இல் வாஷிங்டன் மாநிலத்தில் எத்தியோப்பியாவிலிருந்து வந்த ஒரு சிறுமி உணவு மறுக்கப்பட்டு, வெளியே குளிரில் விறைத்து இறந்தாள். தத்துப் பெற்றோருக்கு 2013-இல் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. அதே பைபிளில், பிள்ளைகளுக்குச் சினமூட்டாதிருக்கும்படி தந்தையருக்குப் பவுலின் நிருபம் கூறும் அறிவுரையும் இருக்கிறது. எந்த வசனத்தை எதன் ஒளியில் வாசிப்பது என்பது நூலறிவால் மட்டும் முடிவாவதில்லை.

யோசேப்பின் மௌனம்

தத்து நிலையானது. வளர்ப்புப் பராமரிப்போ தற்காலிகமானது. பெற்ற குடும்பம் நிமிரும்வரை வேறொரு குடும்பம் குழந்தையைக் காத்துத் திருப்பித் தருவது அதன் நோக்கம். நேசிக்கவும் வேண்டும், விட்டுக்கொடுக்கவும் வேண்டும். சுவீகாரத்தை மையமாகக் கொண்ட சிந்தனைக்கு இது எளிதில் பிடிபடுவதில்லை. ஆகவே வளர்ப்புப் பெற்றோரிடையே கிறிஸ்தவச் சிந்தனை இயேசுவின் வளர்ப்புத் தந்தையான யோசேப்பை நாடுகிறது.

நான்கு சுவிசேஷங்களிலும் யோசேப்பு பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. மத்தேயுவின் வரலாற்றில் அவர் குழந்தைக்குப் பெயரிடுகிறார். யூத மரபில் பெயரிடுவது தந்தையின் உரிமை. அச்செயலால்தான் இயேசு தாவீதின் வம்சத்தவர் ஆகிறார். பெற்றவர் அல்லாத ஒருவர் தந்த பெயரின் வழியே வம்சாவளி ஓடுகிறது. ஏரோதின் வாளிலிருந்து காக்க இரவோடிரவாக எகிப்துக்குச் செல்கிறார். திரும்பி வந்து நாசரேத்தில் குடியேறித் தச்சுத் தொழில் செய்கிறார். இயேசுவுக்குப் பன்னிரண்டு வயதானபோது எருசலேமில் மூன்று நாட்கள் காணாமல் போன செய்தியை லூக்கா கூறுகிறார். தேடிக் கண்டுபிடித்த மரியாள், தகப்பனும் தானும் கலங்கித் தேடியதைச் சொல்கிறார். சிறுவனோ, தன் தந்தையின் இல்லத்தில் இருப்பது அவசியம் என்ற பொருளில் விடையளிக்கிறான். அருகில் நின்ற யோசேப்பு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தான் வளர்த்த பிள்ளை வேறொரு தந்தையைப் பற்றிப் பேசுவதைக் கேட்டு நிற்கும் நிலை வளர்ப்புப் பெற்றோர் அனைவரும் அறிந்த ஒன்று. அதன்பின் சுவிசேஷத்தின் நிகழ்ச்சிகளில் யோசேப்பு தோன்றுவதில்லை.

இந்தியாவில்

சுவீகாரத்தைத் தன் இறையியலின் நடுவில் வைத்த சமயத்தவரின் சட்டங்களில் நெடுங்காலம் தத்து இல்லை என்பது வியப்புக்குரியது. இங்கிலாந்தின் பொதுச் சட்டம் தத்தை அறியாது. 1926-இல்தான் அங்கே தத்துச் சட்டம் வந்தது. முல்லரின் பத்தாயிரம் குழந்தைகளுள் எவரும் சட்டப்படி எவருக்கும் பிள்ளையாகியிருக்க முடியாது. இந்தியாவிலும் அதே நிலை நீடித்தது. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் இந்துக்களுக்குத் தத்துரிமை வழங்கியது. கிறிஸ்தவர்கள் ஒரு குழந்தையை ஏற்க விரும்பினால் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின்கீழ்க் காப்பாளராக மட்டுமே ஆக முடிந்தது. பிள்ளை வயது வந்ததும் சட்டத்தின் பார்வையில் அந்த உறவு முடிந்தது, வாரிசுரிமையும் இல்லை. பவுல் எதை மறுத்தாரோ, அந்த விருந்தாளியின் நிலை அது. 2000-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் அதன் 2006-ஆம் ஆண்டுத் திருத்தமும் இதை மாற்றின. எம்மதத்தவரும் அச்சட்டத்தின்கீழ்த் தத்தெடுக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

சட்டம் இல்லாத காலத்தில் எமி கார்மைக்கேல் நெல்லைச் சீமையில் வேறொரு வகையில் தாயானார். அயர்லாந்தில் 1867-இல் பிறந்து 1895-இல் இந்தியா வந்த அவரிடம், 1901-இல் தேவதாசி முறைக்கு ஒப்படைக்கப்பட இருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி வந்து சேர்ந்தாள். டோனாவூரில் அமைந்த இல்லத்தில் 1913-க்குள் 130 குழந்தைகள் வளர்ந்தார்கள். அவர் இந்திய உடையணிந்தார். குழந்தைகளைப் பிறருக்குத் தத்துக் கொடுக்கவில்லை. 1951-இல் இறக்கும்வரை தாய்நாடு திரும்பவும் இல்லை. குழந்தைகள் தம் சமயத்தில் வளர வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமே இருந்ததில்லை. முல்லரைப் பற்றி எழுந்த வினா இவரைப் பற்றியும் எழக்கூடியதே. குழந்தையிடம் சம்மதம் கேட்க முடியாத இடத்தில் காப்பவரின் கடமை மேலும் நுட்பமாகிறது. தமக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தார். வளர்ந்த பிள்ளைகள் அங்கே பறவைகள் நீரருந்தும் தொட்டி ஒன்றை வைத்து ‘அம்மா’ என்று மட்டும் பொறித்தார்கள்.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வளர்ப்புப் பராமரிப்புக்கும் தனி இடம் தந்திருக்கிறது. 2024-இல் மத்திய அரசு அதற்கான வழிகாட்டு நெறிகளைத் திருத்தி வெளியிட்டது. தத்தெடுக்கப் பதிவு செய்து காத்திருக்கும் பெற்றோர் நம் நாட்டில் ஆயிரக்கணக்கானோர். அவர்களுள் பெரும்பாலோர் கேட்பது கைக்குழந்தையை. இல்லங்களில் இருப்பவர்களோ பெரும்பாலும் ஐந்து, ஆறு வயதைக் கடந்தவர்கள், சகோதர சகோதரிகளோடு சேர்ந்து வந்தவர்கள், உடற்குறை உள்ளவர்கள். எங்கோ தாய் உயிரோடிருந்தும் வீடு திரும்ப முடியாதவர்களும் அவர்களுள் இருக்கிறார்கள். வளர்ப்புப் பராமரிப்புத் திட்டம் முதன்மையாக நாடுவது இந்தப் பிள்ளைகளையே.